நாலுவழிச் சாலைக்கு நடந்து வந்த ஊர்

இலுப்பைத்தாங்கல் என்கிற ஊர் தான் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பியது ஒரு புரட்டாசி மாதத்து மத்தியானத்தில், சோறு தின்ற அசதியில் ஊர் மொத்தமும் கண்ணயர்ந்து, கோழிகள்கூட வைக்கோல்போர் நிழலில் இறக்கையைப் பரத்திக்கொண்டு கிடந்த வேளையில். அதை முதலில் அறிந்தவள் பூங்காவனம், அவளும் ஊர் நகர்வதைக் கண்ணால் கண்டு அறியவில்லை, அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த செல்போன் மணியடித்ததால் அறிந்தாள்.

செல்போன் மணியடிப்பது ஒரு சேதியா என்று வேற்றூர்க்காரர்கள் கேட்பார்கள். இலுப்பைத்தாங்கலில் அது வீட்டுக்குள் அடித்ததே கிடையாது. சிக்னல் என்பது ஏரிக்கரையில், ஒற்றைப் பனைமரத்தடியில் மட்டும் கிடைக்கிற பொருள். சென்னையில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலையில் இருந்த புருஷன் ஏகாம்பரத்தோடு பேச வேண்டுமென்றால் பூங்காவனம் சாயங்காலம் கரையேறிப் போய், அங்கே ஏற்கெனவே நின்று அவரவர் புருஷனோடும் மகனோடும் மகளோடும் கத்திக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நடுவில் ஓர் இடம் பிடித்து, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு தானும் கத்துவாள். எல்லார் வீட்டுச் சங்கதியும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது அதனால்தான்.

"இன்னாமே, உச்சி வெயில்ல ஏரிக்கரையில இன்னா பண்ற?" என்றான் ஏகாம்பரம். "கை தவறிப் பட்டு போன் போய்டுச்சி. நீ எடுக்கிறியே!"

"நான் வூட்டுலதாயா கீறேன். அடுப்படியில."

"பொய் சொல்லாத."

"மாரியாத்தா மேல சத்தியம். இந்தா, கேட்டுக்கோ" என்று கரண்டியால் சோற்றுப் பானையை நாலு தட்டுத் தட்டிக் காட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏகாம்பரம், "நம்ம பெரிய பானை" என்று மட்டும் சொன்னான்.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். கூட்டுரோட்டு செல்போன் டவர், எப்போதும் உச்சியில் இருக்கிற சிவப்பு விளக்கை மட்டும் காட்டுவது, இப்போது கால்களோடு நின்றது. அந்தக் காலில் கட்டியிருந்த ஆடுகூடத் தெரிந்தது. திரும்பி மேற்கே பார்த்தால், பிறந்ததிலிருந்து ஊருக்குப் பின்னால் யானை மாதிரி படுத்திருந்த மலை ஒரு சுற்று இளைத்திருந்தது.

ஊர் எழுந்து வந்து பார்த்தது. பஞ்சாயத்துத் தலைவர் துரைக்கண்ணு, லுங்கியை இறுக்கிக்கொண்டு எல்லைக்கல் வரை நடந்து போய்விட்டுத் திரும்பி, எல்லைக்கல்லும் கூடவே வருகிறது என்று சொன்னார். எல்லாமே கூடவே வந்தன. வீடுகளும் வயல்களும், மாரியம்மன் கோயிலும் பள்ளிக்கூடமும், குடிதண்ணீர்த் தொட்டியும் சுடுகாடும், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏரியும், ஏரியில் நின்ற கொக்குகளும், காலையில் போட்ட கோலம் கலையாமல் வாசல்களும், எல்லாம் ஒரே ஜமுக்காளத்தில் வைத்து இழுத்ததுபோல் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. முன்னால் இருந்த நிலம் படகுக்குத் தண்ணீர் விலகுவதுபோல் விலகிக்கொடுத்துப் பின்னால் போய் மூடிக்கொண்டது. மறுநாள் மத்தியானமும் போனது. அதற்கு மறுநாளும் போனது. காலையில் நகராது, சாயங்காலம் நகராது. ஊர் உண்டு ஓய்ந்த பிற்பாடு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிற தாயைப்போலச் சத்தமில்லாமல் எழுந்து கொஞ்ச தூரம் போகும்.

ஏன் நகர்கிறது என்று கேட்டவர்கள் ஊரில் குறைவு. எங்கே போகிறது என்று மட்டும் கேட்டார்கள், அதற்கும் விடை தெரிந்தே கேட்டார்கள். கிழக்கே நாலுவழிச் சாலை இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் தொழில் பூங்கா இருந்தது. அங்கே செருப்பும் ஷூவும் தைத்தார்கள், காருக்குக் கண்ணாடி வார்த்தார்கள், செல்போனுக்கு வயிறு பொருத்தினார்கள். மாநிலம் வளர்கிறது, இந்தியாவிலேயே முன்னால் நிற்கிறது என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் இலுப்பைத்தாங்கல்காரர்கள் நம்பத்தான் செய்தார்கள், ஏனென்றால் விளக்கு வைத்த பிறகு கிழக்கே வானம் ஆரஞ்சு நிறத்தில் கிடப்பதை அவர்களே பார்த்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை வளர்ச்சி என்பது கிழக்கே தெரிகிற வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள், பெண்பிள்ளைகள் ஆஸ்டல் வைத்திருக்கிற கம்பெனிகளுக்குப் போனார்கள், மிச்சமிருந்தவர்கள் ஏரிக்கரையில் நின்று கத்தினார்கள்.

பூங்காவனத்தின் மகள் தேவிகா டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தொழில் பூங்காவின் ஷூ கம்பெனியில் ஆளெடுப்பதாக அவளுக்குத் தெரியும். "உன் பேர்லதாம்மா பார்க்கு கட்டியிருக்கான், என்னப் போக விடமாட்டியா?" என்று கேட்பாள். "போய்ட்டு ராவுல எப்படி வருவ? ஒரு ஆளத்தான் ஊருக்கு வெளிய உட்டுட்டுக் குந்திகினு கீறேன், ரெண்டாவது ஆளையும் உடணுமா?" என்பாள் பூங்காவனம். அதோடு பேச்சு நின்றுவிடும். தேவிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள்.

இப்போது ஊரே கிளம்பிவிட்டதால் அந்தப் பேச்சுக்கு அவசியமில்லாமல் போயிற்று.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். மின்சார வாரியத்து லைன்மேன், துணைமின் நிலையத்தை நோக்கி ஊர் வர வரக் கம்பி தொய்வதால், தினம் சாயங்காலம் வந்து மிச்சக் கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். டவுன் பஸ் டிரைவர், பாதை குறுகக் குறுகச் சீக்கிரம் வந்து சேர்ந்ததால், பூங்காவனத்தின் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளியிடம் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஓய்வு கண்டார். டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, ஊர் தன் வீட்டை நோக்கித்தான் வருகிறது என்று கண்டுகொண்டு, மாற்றல் கேட்டு அலைவதை நிறுத்தினார். தாசில்தார் ஆபீசிலிருந்து சர்வேயர் வந்து வெயிலோடு அளந்துவிட்டு, துரைக்கண்ணு வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் அளந்ததெல்லாம் பழசாகியிருந்தது, அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளாமல், "நாளைக்கி மறுபடி வரேங்க. கொழம்பு நல்லா இருந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அளக்கிற வேலை முடியவே இல்லை.

ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து, ஊரை ஒட்டி இடம் வளைத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டு, "இலுப்பை நகர்" என்று போர்டும் வைத்தார். மறுநாள் மத்தியானம் ஊர் நகர்ந்து போனது, போர்டும் கற்களும் முள்ளுக்காட்டுக்கு நடுவில் தனியாக நின்றன. அவர் விடாமல் பிடுங்கி வந்து முன்னால் நட்டார். ஊர் மறுபடியும் போனது. கடைசியில் போர்டைக் கையில் வைத்துக்கொண்டே ஊருக்குப் பின்னால் நடந்து வர ஆரம்பித்தார். பாவம் என்று பூங்காவனம்தான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

வழியில் கொவளைமேடு என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ப் பெரியவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றார்கள். "எங்க ஊரு மேல ஏறிப் போறதுன்னா நாங்க ஒத்துக்க மாட்டோம், சொல்லிட்டோம்" என்றார்கள்.

"நாங்களாண்ணே ஓட்டறோம்? அதுவா போவுது" என்றார் துரைக்கண்ணு. "ஓரமா போகச் சொல்லி வேண்டிக்கிறோம்."

மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டி வேண்டிக்கொண்டார்கள். அன்று மத்தியானம் இலுப்பைத்தாங்கல், சந்தையில் கூடையோடு நெரிசலில் போகிற பெண்பிள்ளை உடம்பை ஒடுக்கிக்கொள்வதுபோல ஒடுங்கி, கொவளைமேட்டின் வறண்ட ஏரி வழியாகப் போயிற்று. மறுநாள் மத்தியானம் வரை இரண்டு ஊர்களும் சுவரோடு சுவராகக் கிடந்தன. கொவளைமேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த செல்லக்கிளியின் மகள், கொல்லைச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டித் தாய் வைத்த மீன்குழம்பை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷமாக நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் பார்த்த தாயைச் சுவர் மேலேயே முகம் வைத்து ஆசை தீரப் பார்த்தாள். கடந்து போகிறபோது இலுப்பைத்தாங்கல் ஏரி மிச்சத் தண்ணீர் போகிற கலங்கல் வழியாக வழிந்து, கொவளைமேட்டு ஏரியில் பாதிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனது. கொவளைமேட்டுப் பெரியவர்கள் கரையில் நின்று, "மறுபடி எப்ப வருவீங்க?" என்று கேட்டார்கள்.

இப்படியாக ஊர் போகப் போக, ஏகாம்பரம் வருகிறது பெருகியது. முன்பெல்லாம் பொங்கலுக்கு வருவான், ஆடித் திருவிழாவுக்கு வருவான், தீபாவளிக்கு ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியாவிட்டால் வருவான். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை வந்தான், பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தான். ஒரு தடவை பழைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டு, ஊரைக் காணாமல், ஊர் போன தடத்தில் புதிதாக முளைத்திருந்த பசும்புல்லைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து சேர்ந்தான். வரும்போதெல்லாம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான், கறி வாங்கிக்கொண்டு வந்தான். பூங்காவனம் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு குழம்பு வைத்தாள். இருவரும் விருந்தாளிகளைப்போல ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்பாள் அவள். "போதும் போதும், நீ சாப்பிடு" என்பான் அவன். தேவிகா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். திங்கட்கிழமை விடியலில் அவன் போய்விடுவான்.

தை பிறந்து, பனி குறைகிற சமயத்தில், இலுப்பைத்தாங்கல் நாலுவழிச் சாலையைக் கண்ணெதிரே கண்டது. நடுவில் ஒரே ஒரு சோளக்கொல்லை. லாரிகளின் சத்தம் கேட்டது, தொழில் பூங்காவின் சங்கு கேட்டது, ஷூ கம்பெனியின் மஞ்சள் பஸ்கள் வரிசையாகத் திரும்புவது தெரிந்தது. தேவிகா ஒரு காலையில் கிளம்பி நேராகச் சாலையைக் கடந்து போய், ஊசியில் நூல் கோத்துக் காட்டி, வேலையோடு திரும்பி வந்தாள். ஊர் பொங்கல் வைத்தது. துரைக்கண்ணு கோயில் வாசலில் நின்று, "தாயே, வந்து சேந்துட்டோம். இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். இங்கியே நில்லு" என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஊர் சோளக்கொல்லையில் பாதியைக் கடந்தது.

அப்போதுதான் எல்லாருக்கும் முதல்முறையாகப் பயம் வந்தது. நாலு வழியிலும் ராத்திரி பகல் இல்லாமல் வண்டிகள் போகிற சாலை அது. அதன் மேல் ஒரு ஊர் ஏறினால் வண்டிகள் என்ன ஆகும், வீடுகள் என்ன ஆகும், ஏரி என்ன ஆகும்? சாலையைத் தாண்டினால் தொழில் பூங்கா. அதன் மேல் ஏறினால் தேவிகாவின் வேலை என்ன ஆகும்? அதையும் தாண்டினால் சென்னை. "சென்னைக்குப் போயி எந்தப் பாலத்துக்குக் கீழ குந்தறது நாம?" என்று செல்லக்கிளி வாய்விட்டு அழுதாள். கலெக்டரம்மா காரில் வந்து இறங்கி, செருப்பில் சேறு படச் சோளக்கொல்லைக்குள் நடந்து வந்து, ஊரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிறுத்த ஏதாவது வழி இருக்குங்களா ஐயா?" என்று துரைக்கண்ணுவிடம் மரியாதையாகக் கேட்டார். "கும்பிட்டுப் பாத்தாச்சிம்மா" என்றார் துரைக்கண்ணு. போலீஸ்காரர்கள் சாலையோரமாக இரும்புத் தடுப்புகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுங்கச்சாவடியிலிருந்து வந்த ஒருவர், கார் தெரியும், பஸ் தெரியும், லாரி தெரியும், ஊர் வந்தால் எந்த வகையில் சேர்ப்பது என்று யாரிடமாவது கேட்க நினைத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றார். ஊர்க்காரர்கள் மத்தியானம் தூங்காமல் விழித்திருந்து பார்த்தார்கள். ஊர் அதைப் பொருட்படுத்தாமல், அவர்கள் கண் முன்னாலேயே, வெட்கமில்லாமல் நகர்ந்தது.

அன்று சாயங்காலம் பூங்காவனம் ஏகாம்பரத்துக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கி வந்துடுயா. ஊரு ரோட்டு மேல ஏறப்போவுது. எனக்குப் பயமா கீது."

"நாளைக்கி தளம் போடறாங்கமே" என்றான் அவன். "மேஸ்திரி உடமாட்டான். ஞாயித்துக்கெழம கண்டிப்பா வரேன்."

"ஞாயித்துக்கெழம எங்க வருவ? எந்த எடத்துக்கு வருவ?"

"இன்னா பண்ணச் சொல்ற, வேலைய உட்டுட்டு ஓடியாந்துட முடியுமா?"

பூங்காவனத்துக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருஷமாக ஏரிக்கரையில், பத்துப் பெண்களுக்கு நடுவில் நின்று பேசியதால் அவள் அவனிடம் ஒருநாளும் முழுக் கோபத்தையும் காட்டியதில்லை. இப்போது சொந்த அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊரே எழுந்து உன்னத் தேடிக்கினு வருது! மலைய உட்டுட்டு வருது, ஏரியத் தூக்கிகினு வருது, இம்மாந்தூரம் வருது! நீ ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டியா?"

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தன் காதிலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், ஆண்கள் வந்திருக்கிற நாட்களில், பெண்பிள்ளைகள் ஆஸ்டலிலிருந்து வந்து கூந்தல் காயவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற நாட்களில், ஊர் அசைந்ததே இல்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"என்னையா தேடிக்கினு வருது?" என்றான் ஏகாம்பரம், ஒரு மாதிரிக் குரலில்.

"உன்ன, ரவியண்ணன, கிட்டு பசங்கள, செல்லக்கிளி வூட்டு நடுவுலவன, எல்லாரையுந்தான். ஆடு காணாம போனா நாம தேடிப் போறமில்ல? அதுக்கு ஆளுங்க காணாம போய்ட்டாங்க. தேடிப் போவுது."

போனை வைத்துவிட்டு அவள் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனாள். நம்பாதவர்கள் இல்லை. ஒரு ஊர் நடப்பதை நம்பியவர்களுக்கு அது எதற்காக நடக்கிறது என்பதை நம்புவதா கஷ்டம்? வீட்டுக்கு வீடு போன் பேசினார்கள். யாரும் ஏரிக்கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. திட்டினார்கள், கெஞ்சினார்கள், பிள்ளைகளைப் பேசவைத்தார்கள். செல்லக்கிளி தன் நடுமகனிடம், "நீ வரலேன்னா நாங்க அல்லாரும் அங்க வந்துடுவோம், ஏரியோட" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையிலிருந்து வர ஆரம்பித்தார்கள். பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள், ஒருவன் வேலை செய்கிற கடையின் டெம்போவையே ஓட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்டல் பெண்கள் வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கி, மலை எங்கே என்று கேட்டார்கள். துபாயில் இருந்த ரவி வர முடியாமல் வீடியோவில் வந்தான்; அவன் பெண்டாட்டி போனைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய், வீட்டையும் கோயிலையும் பார்க்கவைத்து, ஏரிக்குக்கூடக் காட்டினாள். கலெக்டரம்மா நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று சொல்லி, வருகிறவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு சாலையோரத்திலேயே நின்றார். ஆனால் மத்தியானம் ஆகிவிட்டது. சோளக்கொல்லை முடிந்துவிட்டது. ஏகாம்பரம் வரவில்லை.

அவன் வந்துகொண்டுதான் இருந்தான். மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளாமல், கம்பி முறுக்குகிற கொக்கி இடுப்பில் செருகியது செருகியபடி, விடியலிலேயே பஸ் ஏறிவிட்டான். ஊர் வருகிறது என்பதற்காகச் சாலையை மறித்துவிட்டதால், அவன் வந்த பஸ் சுங்கச்சாவடிக்கு அந்தப்பக்கம் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கீற?" என்று போனில் கத்தினாள் பூங்காவனம்.

"உங்க ஊருக்காகத்தாண்டி டிராபிக்குல நிக்கிறேன்!"

"இறங்கி ஓடியாயா!"

அவன் இறங்கி ஓடினான். லாரிகளின் நடுவே, கார்களின் நடுவே, ஹாரன்களின் நடுவே, மூச்சிரைக்க ஓடிவருகிற புருஷனைப் பூங்காவனம் சாலையோரத்திலிருந்து பார்த்தாள். புதுச்சட்டை இல்லை, கறிப்பை இல்லை. சிமெண்டுச் சாந்து தெறித்த சட்டையும் துரு படிந்த கைகளுமாக, தலைமயிர் கலைந்து, அவள் இதுவரை பார்த்திராத ஒரு ஆளாக அவன் ஓடிவந்தான். இந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தின் நிழல் சாலையின் வெள்ளைக்கோட்டின் மேல் விழுந்துவிட்டது. இரும்புத் தடுப்பு ஒன்று ஊர் பட்டுக் கிறீச்சென்று வளைந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும், போலீஸ்காரர்களும் சேர்ந்து, "ஓடியா! ஓடியா!" என்று கத்தினார்கள்.

ஏகாம்பரம் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஊர் மண்ணில் கால் வைத்தான். முட்டியில் கையூன்றி, மூச்சு வாங்கி, யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றான்.

இலுப்பைத்தாங்கல் நின்றது. நாளெல்லாம் மேய்ந்துவிட்டு வந்த மாடு முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, பெருமூச்சு விட்டுப் படுக்கிறதுபோல அது மெதுவாக மண்ணில் அமர்ந்தது. வீடுகளில் பாத்திரங்கள் ஒருமுறை கலகலத்து ஓய்ந்தன. ஏரி மட்டும் கொஞ்சம் தளும்பி, கரையில் நின்றவர்களின் காலை நனைத்தது. கலெக்டரம்மா கைதட்டினார். சுங்கச்சாவடிக்காரர் நிம்மதியாகத் தன் கேபினுக்குத் திரும்பிப் போனார்.

பிறகு நடந்ததெல்லாம் உலக நடப்பு. சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டினார்கள், பஸ் நிறுத்தம் வந்தது, ரியல் எஸ்டேட்காரர் போர்டை நட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து தூங்கினார். பெங்களூர்ப் பையன்களில் பாதிப்பேருக்குக் கண்ணாடிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கிடைக்காதவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்கள் போகிற நாட்களில் வீடுகளில் தட்டுகள் லேசாக அதிரும், அப்போது யாராவது போன் செய்து, பஸ்ஸில் போகிறவனை ஊரோடு இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள், அதிர்வு அடங்கிவிடும். இதைக் கேள்விப்பட்ட மேற்கே இருந்த ஊர்கள் சிலவும் மத்தியானங்களில் புரண்டு படுப்பதாகத் தலைநகருக்குத் தகவல் போயிற்று. அங்கிருந்த பெரியவர்கள் கூடிப் பேசி, ஊர்களெல்லாம் கிளம்பி வருவதற்கு முன்னால் கம்பெனிகளை அங்கங்கே அனுப்பிவிடுவதுதான் உத்தமம் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் மலையடிவாரத்தில் ஒரு பழச்சாறு கம்பெனிக்குக் கால்கோள் நடந்தது. கொவளைமேட்டுக்குத் துணி தைக்கிற கூடம் ஒன்று வந்தது. அந்த ஊர் புரண்டு படுப்பதை நிறுத்திக்கொண்டது.

ஷூ கம்பெனி பக்கவாட்டில் வளர்ந்துகொண்டே போனதால் கம்பி கட்டுகிற ஆளுக்கு அங்கே ஓயாத வேலை இருந்தது. ஏகாம்பரம் காலையில் தூக்குவாளியோடு போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அப்படி வந்த முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பண்டிகையும் இல்லை, விரதமும் இல்லை, ஞாயிறும் இல்லை, ஒன்றுமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் கையைக் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தான். பூங்காவனம் தலையில் பூ இல்லை. முந்தின நாள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சுடவைத்து ஊற்றினாள்.

ஒரு வாய் தின்றுவிட்டு அவன் நிமிர்ந்தான். "இன்னாமே, கொழம்பு இப்படிப் புளிக்குது?"

தேவிகா தின்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நேத்து கொழம்பு புளிக்கத்தான் செய்யும்" என்றாள் பூங்காவனம். "தினமும் ஒனக்குக் கறி ஆக்கிப் போடுவாங்களா? இது இன்னா, மாமியார் வூடா?"

"உள்ளத சொன்னா கோவம் வருது ஒனக்கு!"

"வரும்! நான் கோவக்காரி. ஒனக்கு எங்க தெரியும்? வருசத்துல நாலு நாள் பாத்தவன்!"

அவன் சிரித்துவிட்டான். அவளும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டில் செல்லக்கிளி தன் நடுமகனை எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் ஒருவன் தன் பெண்டாட்டியிடம் ஃபேனைக் குறைக்கச் சொல்லிக் கத்த, அவள் முடியாது என்று கத்தினாள். தெருக்கோடிவரை, வீட்டுக்கு வீடு, நெடுநாளாகச் சண்டை போட ஆள் இல்லாமல் கிடந்த ஊர் தன் எல்லாச் சண்டைகளையும் ஒரே சாயங்காலத்தில் போட்டுக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் தட்டை முன்னால் நகர்த்தினான்.

"புளிச்சாலும் பரவால்ல" என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்து."